அப்டேட் ஸ்கேன்கள் முரண்படும்போது எதை நம்புவது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

ஒரே கணினி. அதன் அப்டேட் திரை ‘எல்லாம் புதுப்பிக்கப்பட்டுள்ளது’ என்கிறது. அதே கணினியில் ஓட்டிய செக்யூரிட்டி ஸ்கேனரோ, விடுபட்ட அப்டேட்கள் என்று சிவப்பில் ஒரு நீண்ட பட்டியலைக் கொடுக்கிறது. எதை நம்புவது என்று கேட்பவர்கள் பெரும்பாலும், இரண்டில் ஏதோ ஒன்று பழுது என்று முடிவுகட்டிவிட்டே கேட்கிறார்கள். பல நேரங்களில் இரண்டும் சரியாகத்தான் வேலை செய்திருக்கும். ஆளுக்கொரு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கும், அவ்வளவுதான்.

அப்டேட் நிலவரத்தைத் தெரிந்துகொள்ள நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன: கணினியின் சொந்த அப்டேட் வசதி, இணையம் இல்லாமல் ஓட்டும் பட்டியல் ஸ்கேன், வெளியிலிருந்து நெட்வொர்க் வழியாக எட்டிப் பார்க்கும் ஸ்கேன், கணினிக்குள் லாகின் செய்து பார்க்கும் ஸ்கேன். கையால் சரிபார்ப்பது என்று ஐந்தாவதும் ஒன்று உண்டு. அது தினசரி வேலைக்கு ஆகாது, தகராறு தீர்க்க மட்டும். அதைக் கடைசியில் பார்ப்போம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, ஸ்கேன் எதைப் பார்த்துப் பேசுகிறது என்பது. நிறுவிய மென்பொருள் தொகுப்புகளின் (பேக்கேஜ்) பட்டியலையா, கோப்பின் பதிப்பு எண்ணையா, விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியையா, அல்லது அந்த சர்வர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் ஒற்றை வரியையா? குழப்பங்களில் பாதி இந்தக் கேள்வியிலேயே தெளிந்துவிடும்.

அடுத்தது, எந்தப் பட்டியலோடு ஒப்பிடுகிறது, அந்தப் பட்டியல் எந்தத் தேதியுடையது என்பது. மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பாதுகாப்பு அப்டேட்களை வெளியிடுகிறது. திங்கட்கிழமை எடுத்த பட்டியலை வைத்து வியாழக்கிழமை ஸ்கேன் செய்தால் கிடைக்கும் பச்சைக்கு, அதாவது ‘எல்லாம் சரி’ என்ற பதிலுக்கு, மதிப்பில்லை.

மூன்றாவது, தவறினால் எந்தப் பக்கம் தவறும்? இல்லாத பாதுகாப்பு ஓட்டையை இருப்பதாகச் சொன்னால் போவது நேரம். இருக்கும் ஓட்டையை இல்லை என்றால் போவது கணினியே. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. அதோடு, ஒரு திருத்தம் நிறுவப்பட்டிருக்கிறதா, நடப்பில் இருக்கிறதா என்பவை வேறு வேறு கேள்விகள். ரீஸ்டார்ட் செய்யாத சர்வரில் முதலாவதற்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை.

கடைசியாக, மறைமுகச் செலவு. ஸ்கேனரின் விலையை யாரும் மறப்பதில்லை. அது எழுப்பும் பொய் எச்சரிக்கைகளைத் துரத்த ஆகும் நேரத்தையும், அதற்குக் கொடுக்கும் அனுமதிகளையும்தான் மறக்கிறோம்.

## 1. கணினியின் சொந்த அப்டேட் வசதி

விண்டோஸ் அப்டேட், லினக்ஸ் வகைகளான உபுண்டு, டெபியனின் பேக்கேஜ் மேலாளர் போன்றவை இந்த வகை. இவற்றின் பெரிய பலம், எந்த அப்டேட் இந்தக் கணினிக்குப் பொருந்தும் என்ற விதிகளை எழுதியவர்களே அந்த அப்டேட்டையும் வெளியிடுகிறார்கள் என்பது. தனக்குச் சம்பந்தமில்லாத அப்டேட்டை இவை பொதுவாகக் கேட்காது.

பொதுவாக என்றுதான் சொல்ல முடியும். 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த கேபி5034441 என்ற அப்டேட் (கேபி என்பது அப்டேட்டுக்கு மைக்ரோசாஃப்ட் தரும் எண்) பலரைப் படுத்தியெடுத்தது. பழுதானால் கணினியை மீட்க வட்டில் ஒதுக்கிய ரெக்கவரி பார்ட்டிஷனில் 250 மெகாபைட் காலி இடம் இருந்தால்தான் அது ஏறும். இல்லாத கணினிகளில் பிழை காட்டி நின்றது, மறுபடி மறுபடி. அந்த பார்ட்டிஷனே இல்லாத கணினிகளிலும் அது தலைகாட்டியது. அவர்களுக்கு இந்த அப்டேட் தேவையே இல்லை, பிழையைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று மைக்ரோசாஃப்டே விளக்கம் எழுத வேண்டியதாயிற்று.

ஆனால் இந்த வழியின் உண்மையான ஆபத்து பொய்யான பச்சை. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற புராசஸர் ஓட்டைகளுக்கான அப்டேட் வந்தபோது, கணினியில் உள்ள ஆன்டிவைரஸ் அதனோடு ஒத்துப்போகும் என்பதற்கு அடையாளமாக ஒரு ரெஜிஸ்ட்ரி சாவி இருக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் நிபந்தனை வைத்தது. சாவி இல்லாத கணினிக்கு அந்த அப்டேட்டும் வராது, அடுத்தடுத்த பாதுகாப்பு அப்டேட்களும் வராது. வராத அப்டேட்டை, விடுபட்டது என்று அப்டேட் திரை காட்டுமா? காட்டாது. விண்டோஸ் 10-க்கு அந்த மார்ச்சில்தான் நிபந்தனை நீக்கப்பட்டது.

அலுவலகங்களில் இதன் இன்னொரு வடிவம் உண்டு. கணினிகள் மைக்ரோசாஃப்டை நேரடியாகக் கேட்காமல் உள்ளூர் அப்டேட் சர்வரைக் கேட்கும். நிர்வாகி அனுமதிக்காத அப்டேட் அந்த சர்வரிலிருந்து இறங்காது. கணினி தன் பங்குக்கு ‘எல்லாம் சரி’ என்று சொல்லிவிடும். நிர்வாகி அனுமதித்ததெல்லாம் வந்துவிட்டது என்பதுதான் அதற்கு அர்த்தம். ஆதரவுக் காலம் முடிந்த லினக்ஸ் பதிப்பிலும் இதே கதை. புதிதாக எதுவும் வெளியாகாதபோது, புதுப்பிக்க ஒன்றுமில்லை என்பது உண்மையான பதில்தான்.

தனியாக நிறுவிய மென்பொருள்கள், பிரவுசர் எக்ஸ்டென்ஷன்கள், ரூட்டருக்குள் இருக்கும் மென்பொருள் (ஃபர்ம்வேர்) இவையெல்லாம் பெரும்பாலும் இதன் பார்வைக்கு வெளியே இருக்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆதரவுக் காலத்தில் இருக்கும் ஒரே ஒரு கணினி, நடுவில் அப்டேட் சர்வர் எதுவும் இல்லை என்றால், இதுவே போதும். செலவும் இல்லை.

## 2. ஆஃப்லைன் பட்டியல் ஸ்கேன்

இணையத்தோடு இணைக்கக் கூடாத கணினிகளுக்காக மைக்ரோசாஃப்ட் ஒரு கேப் கோப்பை (சுருக்கிக் கட்டிய கோப்பு வகை) வெளியிடுகிறது. பாதுகாப்பு அப்டேட்களின் விவரப் பட்டியல் மட்டும்தான் அதில் இருக்கும், அப்டேட்கள் இருக்காது. அதை எடுத்துப்போய் விண்டோஸ் அப்டேட்டின் எஞ்சினிடமே கொடுத்து ஒப்பிடலாம். பொருத்தம் பார்ப்பது அதே எஞ்சின் என்பதால் பதில் நம்பகமானது. கோப்பு புதிதாக இருக்கும் வரை.

பாதுகாப்பு சாராத திருத்தங்கள், டிரைவர்கள் இதில் வராது. எனவே அப்டேட் திரையில் எட்டு, இதில் மூன்று என்று எண்ணிக்கை வேறுபட்டால் பதற வேண்டாம்.

சிலர் இன்னும் மைக்ரோசாஃப்டின் பழைய பேஸ்லைன் செக்யூரிட்டி அனலைசரை வைத்திருக்கிறார்கள். அதன் கடைசிப் பதிப்பான 2.3, விண்டோஸ் 8.1 காலத்தது. விண்டோஸ் 10-க்கு முழு ஆதரவு அதற்கு வரவே இல்லை. அதன் முடிவை இன்றைய கணினியில் எந்தப் பக்கமும் நம்ப வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.

கேபி எண்களை ஒவ்வொன்றாகத் தேடும் ஸ்கிரிப்டுகளும் கிட்டத்தட்ட இதே சாதிதான். விண்டோஸ் 10 தொடங்கி மாதாந்தர அப்டேட்கள் திரட்டு முறையில் வருகின்றன. இந்த மாதத்தியது முந்தைய மாதங்களையும் உள்ளடக்கியது. ஏப்ரல் அப்டேட்டை மட்டும் நிறுவிய கணினியில் பிப்ரவரியின் கேபி எண்ணைத் தேடினால் கிடைக்காது. ஸ்கிரிப்ட் ‘விடுபட்டுள்ளது’ என்று எழுதிவிடும். கணினியில் ஒரு குறையும் இருக்காது. கேபி எண்ணுக்குப் பதிலாக பில்ட் எண்ணில் (விண்டோஸின் உள் பதிப்பு எண்) புள்ளிக்குப் பின்னால் வரும் பகுதியைப் பாருங்கள். திரட்டு அப்டேட் ஏற ஏற அது கூடிக்கொண்டே போகும். ஒரே விண்டோஸ் பதிப்புக்குள், தேவையான எண்ணுக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் அந்தத் திருத்தம் உள்ளே வந்துவிட்டது.

## 3. வெளியிலிருந்து நெட்வொர்க் ஸ்கேன்

அதிகக் குழப்பம் இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

லாகின் இல்லாத ஸ்கேனர், கணினி நெட்வொர்க்கோடு பேசும் வாசலான போர்ட்டைத் தட்டுகிறது. அந்தப் பக்கத்து மென்பொருள் தன் பெயரையும் பதிப்பையும் சொல்கிறது. ஸ்கேனர் அந்தப் பதிப்பைத் தன் பட்டியலில் தேடி, ஓட்டை இருக்கிறது என்கிறது. வாசலில் தொங்கும் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு வீட்டுக்குள் யார் குடியிருக்கிறார்கள் என்று சொல்வது மாதிரி.

லினக்ஸில் இது ஏன் அடிக்கடி தவறுகிறது என்றால், ரெட் ஹாட், டெபியன், உபுண்டு மூன்றுமே பாதுகாப்புத் திருத்தத்தைப் பழைய பதிப்புக்குள்ளேயே கொண்டுவந்து சேர்ப்பவை. பேக்போர்ட் என்பார்கள். திருத்தம் வரும், மேல் பதிப்பு எண் மாறாது.

2024 ஜூலையில் வெளிவந்த ‘ரெக்ரெஷ்ஷன்’ ஓட்டையை எடுத்துக்கொள்வோம். ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் (சிவிஇ) அதன் எண் சிவிஇ-2024-6387. தூரத்திலிருந்து சர்வருக்குள் லாகின் செய்ய உதவும் ஓபன்எஸ்எஸ்எச் மென்பொருளின் 8.5 முதல் 9.8-க்கு முன்பு வரையான பதிப்புகளில் இருந்தது. உபுண்டு 22.04-இல் இருப்பது 8.9. திருத்தம் வந்த பிறகும் அது 8.9தான். மாறியது வால் மட்டும்: 8.9பி1-3உபுண்டு0.10. உபுண்டு தன் எஸ்எஸ்எச் அறிமுக வரியில் இந்த வாலையும் சேர்த்தே சொல்கிறது. வாலைப் படிக்கத் தெரிந்த ஸ்கேனர் சரியாகச் சொல்லும், தெரியாதது ‘9.8-க்குக் குறைவு’ என்று சிவப்பு அடிக்கும். ரெட் ஹாட் 9-இன் சர்வர் வெறும் 8.7 என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும். திருத்தம் போட்ட சர்வரும் போடாத சர்வரும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். எவ்வளவு கெட்டிக்கார ஸ்கேனராக இருந்தாலும் பெயர்ப்பலகையை வைத்து அங்கே பதில் சொல்ல முடியாது.

இதில் மறைமுகச் செலவு எப்படி வருகிறது? சிவப்பைப் போக்கியே ஆக வேண்டும் என்று, சிலர் ஓபன்எஸ்எஸ்எச்சின் புதிய மூல நிரலை இறக்கித் தாங்களே கம்பைல் செய்து நிறுவுகிறார்கள். ஸ்கேன் பச்சையாகிவிடும். ஆனால் அன்றிலிருந்து அந்த மென்பொருள் உபுண்டுவின் பொறுப்பில் இல்லை. அடுத்த ஓட்டை வரும்போது தானியங்கி அப்டேட் அதைத் தொடாது, யாராவது நினைவு வைத்துக் கையால் செய்ய வேண்டும். பொய்யான சிவப்பைக் கொடுத்து நிஜமான அபாயத்தை வாங்குவது இது. பதிப்பு வரியை மறைத்துவிட்டு ‘சரிசெய்தோம்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் இந்த வழியை ஒரேயடியாக ஒதுக்கிவிடவும் முடியாது. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் வந்தபோது நிலைமை நேர்மாறாக இருந்தது. வெப் சர்வர்கள் தகவலைப் பூட்டி அனுப்பப் பயன்படுத்தும் ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் (பல மென்பொருள்கள் பகிரும் நிரல் தொகுப்பு) இருந்த அந்த ஓட்டை, 1.0.1ஜி பதிப்பில் சரிசெய்யப்பட்டது. டெபியன் 7 அதே திருத்தத்தைத் தன் பழைய 1.0.1ஈ-க்குள் பேக்போர்ட் செய்தது. லைப்ரரியைப் புதுப்பித்தவர்களின் பேக்கேஜ் பட்டியல் பச்சை. ஆனால் வெப் சர்வரை ரீஸ்டார்ட் செய்யாதவர்களிடம், ஓடிக்கொண்டிருந்த புராசஸ் நினைவகத்தில் பழைய லைப்ரரியையே பிடித்துக்கொண்டிருந்தது. ஹார்ட்பிளீடை வெளியிலிருந்தே நிஜமாகச் சோதிக்க முடியும்: தவறான நீளம் கொண்ட ஒரு கோரிக்கையை அனுப்பி, சர்வர் தன் நினைவகத்தைக் கக்குகிறதா என்று பார்த்தால் போதும். அப்படிப் பார்த்த நெட்வொர்க் ஸ்கேன் சிவப்பு காட்டியது. அதுதான் சரி, உள்ளே இருந்த பச்சை தவறு.

எனவே நெட்வொர்க் ஸ்கேன் அறிக்கையில் நான் முதலில் பார்ப்பது ஓட்டையின் தீவிரத்தை அல்ல, அதைக் கண்டுபிடித்த விதத்தை. பதிப்பு எண்ணை வைத்து ஊகித்ததா, நடத்தையைச் சோதித்துப் பார்த்ததா? பல ஸ்கேனர்கள் விவரப் பகுதியில் இதை எழுதியிருக்கும். ‘சொல்லிக்கொண்ட பதிப்பு எண்ணை மட்டுமே நம்பியது’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், அது இன்னும் விசாரிக்க வேண்டிய புகார், தீர்ப்பு ஆகாது.

இன்னொன்று, பிரிண்டர்கள். சில பிரிண்டர்கள் 9100-ஆம் போர்ட்டில் எது வந்தாலும் காகிதத்தில் அடித்துத் தள்ளிவிடும். அதனால்தான் என்மேப் என்ற நெட்வொர்க் ஸ்கேனர் தன் பதிப்புச் சோதனையில் 9100 முதல் 9107 வரையான போர்ட்களை இயல்பாகவே விட்டுவிடுகிறது. எல்லா ஸ்கேனரும் அவ்வளவு நாசூக்கானவை என்று சொல்ல முடியாது.

யாருமே பட்டியலில் எழுதாத சர்வர், மறந்துபோன ரூட்டர், தெரியாமல் திறந்து கிடக்கும் போர்ட் இவற்றைக் கண்டுபிடிக்க இந்த வழியை விட்டால் வேறு சுலபமான வழி இல்லை. அதற்குப் பயன்படுத்துங்கள். அப்டேட் கணக்கெடுக்க வேண்டாம்.

## 4. லாகின் செய்து பார்க்கும் ஸ்கேன்

ஸ்கேனருக்கு ஒரு கணக்கைக் கொடுத்து உள்ளே விடுவது, அல்லது உள்ளிருந்தே பார்த்துச் சொல்லும் ஒரு சிறு மென்பொருளை (ஏஜென்ட்) கணினியிலேயே நிறுவுவது. இது பேக்கேஜின் முழுப் பதிப்பை வாலோடு படிக்கும், கோப்பு, ரெஜிஸ்ட்ரி, தனி மென்பொருள் எல்லாவற்றையும் பார்க்கும். பத்துக் கணினிகளுக்கு மேல் பொறுப்பில் இருந்தால் நான் இதைத்தான் தேர்வு செய்வேன்.

இதன் சிவப்பில் ஒரு வகை, ஆட்களைக் கிறுக்குப் பிடிக்க வைக்கும். எல்லா அப்டேட்டும் போட்ட விண்டோஸிலும் சிவிஇ-2013-3900 வந்து நிற்கும். டிஜிட்டல் கையொப்பத்தைக் கறாராகச் சரிபார்க்கும் அந்தத் திருத்தம் விருப்பத் தேர்வாக வந்தது. நிரல் கணினியில் இருக்கிறது, ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை நாமே எழுதினால்தான் இயங்கும். ஸ்பெக்டர், மெல்ட்டவுன் விஷயத்திலும் விண்டோஸ் சர்வர்களில் இப்படித்தான். 2018-இல் அப்டேட் போட்டாலும் பாதுகாப்பு இயல்பாக அணைந்தே இருந்தது, ரெஜிஸ்ட்ரி வழியாக இயக்க வேண்டியிருந்தது. இங்கே ‘அப்டேட் விடுபட்டுள்ளது’ என்ற தலைப்புதான் தவறு. ஓட்டை திறந்திருக்கிறது என்ற செய்தி சரி. விண்டோஸ் அப்டேட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டி என்ன பயன்?

இன்னொரு வகை, மிச்சம் மீதி. அன்இன்ஸ்டால் செய்த மென்பொருள் விட்டுப்போன கோப்பு, லினக்ஸில் அவசரத்துக்கென்று வைத்திருக்கும் பழைய கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பேக்கேஜ். பழைய கெர்னல் இருப்பதால் மட்டும் ஆபத்தில்லை, ஆனால் எது ஓடுகிறது என்று பாருங்கள். புதியதை நிறுவிவிட்டு மாதக்கணக்கில் ரீஸ்டார்ட் செய்யாமல் பழையதிலேயே ஓடும் சர்வரை, பேக்கேஜ் பட்டியலை மட்டும் பார்க்கும் ஸ்கேனர் பாஸ் செய்துவிடும்.

2021 டிசம்பரின் லாக்4ஷெல் ஓட்டை இரண்டு பக்கமும் தவற வைத்தது. அந்த ஓட்டை இருந்த லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரி, ஜாவா நிரல்களைக் கட்டிவைக்கும் ஒரு ஜார் கோப்புக்குள் இன்னொரு ஜாராக ஒளிந்திருந்தால் பேக்கேஜ் பட்டியலில் அது தென்படாது. மறுபக்கம், ஓட்டைக்குக் காரணமான ஜேஎன்டிஐ லுக்அப் கிளாஸ் என்ற நிரல் பகுதியை நீக்கிச் சமாளித்தவர்களின் கோப்பையும், பெயரில் உள்ள பதிப்பு எண்ணை மட்டும் பார்த்த ஸ்கேனர்கள் சிவப்பாக்கின.

இவ்வளவையும் விட எனக்குப் பயம் தருவது லாகின் தோல்வி. கடவுச்சொல் மாறிவிட்டது என்று வையுங்கள். உள்ளே போக முடியாத ஸ்கேனர் பல நேரம் வேலையை நிறுத்தாது, வெளியிலிருந்து தெரிந்ததை மட்டும் எழுதிவிட்டு முடித்துக்கொள்ளும். போன மாதம் நீளமாக இருந்த பட்டியல் இந்த மாதம் நாலே வரி. ஆகா, எவ்வளவு முன்னேற்றம் என்று மேலிடம் பாராட்டும்! விண்டோஸில் உள்ளூர் அட்மின் கணக்கைக் கொடுத்தால், நெட்வொர்க் வழியே வரும்போது அதன் அதிகாரத்தை விண்டோஸின் அதிகாரக் கட்டுப்பாடான யூஏசி குறைத்துவிடும். லாகின் வெற்றி, பார்வை அரைகுறை. நெஸஸ் போன்ற ஸ்கேனர்கள் ஒவ்வொரு கணினிக்கும் லாகின் வழிச் சோதனை நடந்ததா இல்லையா என்று ஒரு தகவல் வரியில் சொல்கின்றன. அறிக்கையில் முதலில் அந்த வரியைத் தேடுங்கள்.

செலவு: எல்லாக் கணினிக்குள்ளும் நுழையக்கூடிய ஒரு கணக்கு என்பது திருடனுக்கு நல்ல இலக்கு. அதற்குத் தேவைக்கு மேல் அதிகாரம் கொடுக்காமல், கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலைக்கு ஆள் இல்லையென்றால் ஏஜென்ட் மேல்.

## ஒரே பார்வையில்

| | சொந்த அப்டேட் | ஆஃப்லைன் பட்டியல் | நெட்வொர்க் ஸ்கேன் | லாகின் ஸ்கேன் |
|---|---|---|---|---|
| எதைப் பார்க்கிறது | நிறுவிய பேக்கேஜ், பொருத்த விதிகள் | அதே விதிகள், கையில் உள்ள கோப்பு | திறந்த போர்ட், சொல்லிக்கொள்ளும் பதிப்பு | பேக்கேஜ், கோப்பு, ரெஜிஸ்ட்ரி |
| அதிகம் தவறும் பக்கம் | பொய்யான பச்சை | பழைய கோப்பானால் பொய்யான பச்சை | பொய்யான சிவப்பு | சிவப்பு; லாகின் தோற்றால் பச்சை |
| தனி மென்பொருள்கள் | பெரும்பாலும் தெரியாது | தெரியாது | போர்ட் திறந்தால் மட்டும் | பெரும்பாலும் தெரியும் |
| மறைமுகச் செலவு | குறைவு | மாதாமாதம் கோப்பைக் கொண்டுசெல்வது | பொய் எச்சரிக்கைகளைத் துரத்துவது | கணக்கின் பாதுகாப்பு, பராமரிப்பு |
| யாருக்கு ஏற்றது | ஓரிரு கணினி | இணையமில்லாக் கணினி | வெளியே என்ன தெரிகிறது என்று பார்ப்பவர் | பல கணினிகளுக்குப் பொறுப்பானவர் |

## இரண்டு முடிவு மோதினால்

இங்கேதான் கையால் சரிபார்ப்பது. நேரம் தின்னும், ஆனால் கடைசி வார்த்தை இதனுடையது.

ஸ்கேனர் சொன்ன சிவிஇ எண்ணை எடுத்து, மென்பொருளை எழுதியவரின் பக்கத்துக்குப் போகாமல், உங்களுக்கு அதைக் கொடுத்தவரின் பாதுகாப்புப் பக்கத்துக்குப் போங்கள். உபுண்டு என்றால் உபுண்டு, ரெட் ஹாட் என்றால் ரெட் ஹாட். எந்தப் பேக்கேஜ் பதிப்பில் சரிசெய்தார்கள் என்று அங்கே இருக்கும். சில நேரம் ‘எங்கள் பதிப்பில் இந்த ஓட்டையே இல்லை’ என்றும் இருக்கும். உதாரணத்துக்கு, ரெட் ஹாட் 8-இல் இருந்த ஓபன்எஸ்எஸ்எச் 8.0-இல் ரெக்ரெஷ்ஷன் இல்லவே இல்லை. அந்தப் பதிப்பை நிறுவியிருப்பதோடு வால் வரைக்கும் ஒப்பிடுங்கள். விண்டோஸ் என்றால் பில்ட் எண்.

அது பொருந்தினால், அப்புறம் ரீஸ்டார்ட். உபுண்டு, டெபியனில் எந்தச் சேவைகள் இன்னும் பழைய லைப்ரரியைப் பிடித்திருக்கின்றன என்று காட்ட ‘நீட்ரீஸ்டார்ட்’ என்ற கருவி இருக்கிறது. அதுவும் சரியென்றால், ரெஜிஸ்ட்ரியில் கையால் இயக்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று அந்த ஓட்டைக்கான மைக்ரோசாஃப்ட் பக்கத்தில் பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தும் சிவப்பு போகவில்லையென்றால், அது பொய் எச்சரிக்கை என்று தைரியமாகச் சொல்லலாம்.

அப்படிச் சொல்லும்போது ஸ்கேனரில் அந்தச் சிவிஇ-யை மொத்தமாக அணைத்துவிடாதீர்கள். அந்தக் கணினிக்கு மட்டும், அந்தப் பேக்கேஜ் பதிப்புக்கு மட்டும் விலக்கு எழுதி, ஒரு காலாவதித் தேதியும் போடுங்கள். நாளை அதே நெட்வொர்க்கில் பழைய இமேஜிலிருந்து, அதாவது முன்பே தயாரித்து வைத்த நகலிலிருந்து, யாராவது ஒரு புது சர்வரை ஏற்றினால், அதில் அந்த ஓட்டை நிஜமாகவே இருக்கும். தணிக்கைக்கு அனுப்பும்போது நிறுவிய பேக்கேஜின் முழுப் பதிப்பு, வெளியீட்டாளரின் அறிவிப்பு எண், கடைசியாக ரீஸ்டார்ட் செய்த தேதி மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் கேள்வி திரும்பி வரும்.